டூசானில் மழை வராத ஒரு வாரம்

பாலைவனம் என்றதும் மணல்மேடும் ஒட்டகமும்தான் நம் நினைவுக்கு வரும். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் உள்ள டூசான் நகருக்குப் போனால் இரண்டையும் காண முடியாது. சொனோரா பாலைவனத்தின் நடுவே, நான்கு பக்கமும் மலைகள் சூழ்ந்த ஊர் அது. எங்கு பார்த்தாலும் முள்செடிகள், புதர்கள், வீட்டு உயரத்துக்கும் மேலே நிமிர்ந்து நிற்கும் கள்ளி மரங்கள்.

அங்கே ஜனவரி மாதம் குளிர்காலம். பகலில் வழக்கமாக 19, 20 டிகிரி செல்சியஸ் இருக்கும். இரவில் 5 டிகிரி வரை இறங்கும். நடுவில் பசிபிக் கடல் பக்கமிருந்து மேகம் வந்து ஒன்றிரண்டு நாள் மெல்லத் தூறிவிட்டுப் போகும்.

நான் அங்கே தங்கியிருந்த வாரத்தில் அந்தத் தூறல் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஏழு நாளும் வானத்தில் ஒரு பஞ்சுத் துண்டு இல்லை. பகலில் 27 டிகிரி, ஆனால் வியர்வையே கிடையாது. கோலாலம்பூரின் புழுக்கத்தில் வளர்ந்த உடம்புக்கு அது சொர்க்கம். காற்றில் ஈரம் இல்லாததால் சூரியன் மறைந்த சிறிது நேரத்திலேயே சூடெல்லாம் ஓடிப்போய், சட்டைக்கு மேலே ஸ்வெட்டர் தேவைப்படும்.

ஈப்போவிலிருந்து போய் அங்கே குடியேறிய என் பெரியம்மா மகள் வீட்டில்தான் தங்கினேன். "அக்கா, என்ன அருமையான வெயில்!" என்றேன். தோட்டத்துக் குழாயைத் திருகிக்கொண்டே அவர் சொன்னார்: "நீ நல்லா ரசிச்சுக்கோ தம்பி. எங்களுக்கு இது மழைக்காலம்."

வானொலியில் காலை நிகழ்ச்சி செய்யும் எனக்கு, 'இன்று மழை இல்லை' என்பது உற்சாகமாகச் சொல்ல வேண்டிய செய்தி. நெரிசல் குறையும், துணி காயும், பிள்ளைகள் நனையாமல் பள்ளிக்குப் போவார்கள். அக்காவின் காரில் உள்ளூர் வானொலியைக் கேட்டபோது, அங்கிருந்த அறிவிப்பாளரும் அதே செய்தியைத்தான் சொன்னார். ஆனால், 'இன்றும் மழை இல்லை' என்றார். அந்த ஓர் 'உம்'மில் ஊரின் கவலை முழுவதும் இருந்தது.

டூசானில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை 300 மில்லிமீட்டருக்கும் குறைவு. நம் ஊரில் ஓர் அடைமழை மாதமே அந்தக் கணக்கை முடித்துவிடும். அங்கு பாதி மழை ஜூலை முதல் செப்டம்பர் வரை இடியும் மின்னலுமாகக் கொட்டும். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரும் 'மான்சூன்'தான். அது வேகமாகப் பெய்து வேகமாக ஓடிவிடும். குளிர்கால மழை அப்படியல்ல. பொறுமையாகத் தூறி, மண்ணுக்குள் ஆழமாக இறங்கும். பிப்ரவரி, மார்ச்சில் மலைச்சரிவுகளில் மஞ்சள் பாப்பிப் பூக்கள் விரிப்பதும் அந்த ஈரத்தை நம்பித்தான். மழை பொய்த்தால் விதைகள் முளைக்காமல் மண்ணுக்குள்ளேயே அடுத்த ஆண்டுக்காகக் காத்திருக்கும்.

இந்தக் காத்திருப்பைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் சவாரோ தேசியப் பூங்காவுக்குப் போக வேண்டும். ஊருக்குக் கிழக்கே ஒரு பகுதி, மேற்கே ஒரு பகுதி. சவாரோ என்பது கைகளைத் தூக்கி நிற்கும் அந்தப் பெரிய கள்ளியின் பெயர். முதல் கை முளைக்கவே 50 முதல் 75 ஆண்டுகள் ஆகும். அதன் உடம்பு முழுக்க மேலிருந்து கீழாக மடிப்புகள். மழை பெய்தால் வேர்கள் நீரை உறிஞ்ச, ஆர்மோனியத்தின் துருத்தி போல மடிப்புகள் விரியும். மழை இல்லாவிட்டால் சுருங்கும். நான் பார்த்த மரங்களில் மடிப்புகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நின்றன. சேமித்த நீரை அவை கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழித்துக்கொண்டிருந்தன.

மறுநாள் லெம்மன் மலைக்கு ஏறினோம். கள்ளிக்காட்டில் தொடங்கும் சாலை ஒரு மணி நேரத்தில் பைன் மரக் காட்டில் கொண்டுபோய் விடுகிறது. சிகரம் 2,790 மீட்டர் உயரம். அங்கே பனிச்சறுக்குத் தளமே உண்டு. குளிர்காலத்தில் டூசான் பிள்ளைகள் பனி உருண்டை பிடிக்க வரும் இடம். அன்று மர நிழலில் மட்டும் அங்கங்கே அழுக்கு வெள்ளையாய்ப் பனி ஒட்டிக்கொண்டிருந்தது. நான்கைந்து பிள்ளைகள் ஒரே திட்டைப் பங்கு போட்டு விளையாடினார்கள்.

டூசானின் குடிநீருக்கும் பனிதான் ஆதாரம். வடக்கே ராக்கி மலைகளில் உருகும் பனி கொலராடோ ஆறாகி, அங்கிருந்து சுமார் 540 கிலோமீட்டர் நீளக் கால்வாய் வழியாகப் பாலைவனத்தைக் கடந்து இந்த ஊருக்கு வருகிறது. அதே ஆற்றை நம்பி ஏறத்தாழ 4 கோடி மக்கள் இருக்கிறார்கள். 2021 ஆகஸ்டில் அந்த ஆற்றில் முதன்முறையாக அதிகாரபூர்வமாக நீர்ப் பற்றாக்குறை அறிவிக்கப்பட்டு, அரிசோனாவின் பங்கு வெட்டப்பட்டது.

மழைக் கணக்கை மரங்களிடமே கேட்கலாம் என்று உலகுக்குக் காட்டிய ஊரும் இதுதான். ஆண்ட்ரூ டக்ளஸ் என்ற வானியலாளர் 1937இல் இங்குள்ள அரிசோனா பல்கலைக்கழகத்தில் மர வளைய ஆய்வுக்கூடத்தைத் தொடங்கினார். மழை நன்றாகப் பெய்த ஆண்டில் மரத்தின் வளையம் அகலமாக இருக்கும். வறண்ட ஆண்டில் மெலிந்திருக்கும். அப்படி வளையங்களைப் படித்த ஆய்வாளர்கள், அமெரிக்காவின் தென்மேற்குப் பகுதிக்கு 2000 முதல் 2021 வரையிலான 22 ஆண்டுகள்தான் கடந்த 1,200 ஆண்டுகளில் மிக வறண்ட காலம் என்கிறார்கள். பூமி சூடாவது அந்த வறட்சியை இன்னும் கடுமையாக்கியிருக்கிறது.

இதில் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. 'லா நினா' ஆண்டுகளில் பசிபிக் கடலின் வெதுவெதுப்பான நீர் காற்றால் நம் பக்கம் தள்ளப்படுகிறது. கிளந்தானிலும் திரங்கானுவிலும் மழை வலுக்க அது ஒரு காரணம். அதே வேளையில் அமெரிக்காவுக்கு வரும் மழை மேகங்களின் பாதை வடக்கே விலகிப் போக, அரிசோனாவுக்கு வறண்ட குளிர்காலமே பெரும்பாலும் வாய்க்கிறது. கோத்தா பாருவில் ஒரு குடும்பம் வெள்ளத்துக்குப் பயந்து பொருள்களை மேலே ஏற்றும்போது, டூசானில் ஒரு குடும்பம் வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கலாம். கடல் ஒன்றுதான்.

பயணம் போக விரும்புவோருக்கு ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். லாஸ் ஏஞ்சலஸ் வழியாகப் போகலாம். பீனிக்ஸ் நகரில் இறங்கினால் காரில் இரண்டு மணி நேரம். வியர்க்காததால் தாகம் தெரியாது. ஆனாலும் தண்ணீர் பாட்டிலைக் கையிலேயே வைத்திருங்கள். அங்கே யாரிடமாவது பேச்சுக் கொடுக்க நினைத்தால், வெயிலைப் புகழ்ந்து தொடங்க வேண்டாம். "கடைசியாக எப்போது மழை பெய்தது?" என்று கேளுங்கள். தேதி முதற்கொண்டு சொல்வார்கள்.