முதலில் மவுஸைக் கீழே வையுங்கள்!

எல்லா ஆபீஸிலும் ஒரு 'பழைய லெட்டர்' இருக்கும். எவரோ ஒரு புண்ணியவான் என்றைக்கோ அடித்து வைத்தது. புதுசாக ஒரு கடிதம் வேண்டுமென்றால் அதைத் திறந்து, பெயரை மாற்றி, தேதியை மாற்றி, பிரின்ட் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவோம். குமாஸ்தா உலகம் இப்படித்தான் ஓடுகிறது. ஓடாத நாளில்தான் வம்பு.

2018-ல் நான் வேலை பார்த்த வண்டிக்கடன் கம்பெனியில் அப்படி ஒரு நாள் வந்தது. கடனைக் கட்டி முடித்தவருக்கு 'பாக்கி இல்லை' என்று ஒரு கடிதமும் ஃபார்ம் 35-ம் தரவேண்டும். ஆர்.டி.ஓ. ஆபீஸில் அதைக் கொடுத்தால்தான் ஆர்.சி.யிலிருந்து கடன் கொடுத்தவர் பெயர் நீங்கும். ஒரு மினிலாரிக்காரர் வாங்கிப்போன கடிதத்தில் பெயர் அவருடையது, வண்டி நம்பர் அவருடையது, சேஸிஸ் நம்பர் மட்டும் அவருக்கு முந்தின ஆளுடையது! திருப்பி அனுப்பிவிட்டார்கள். மகள் கல்யாணத்துக்காக வண்டியை விலை பேசி அட்வான்ஸும் வாங்கியிருந்தார் மனுஷர். அவர் போட்ட சத்தத்தில் மேனேஜரே கேபினை விட்டு வெளியே வந்தார்.

சாயங்காலத்துக்குள் புதுக் கடிதம் கொடுத்தாயிற்று. ஆனால் பழி டைப்பிஸ்ட் மேடம் தலையில் விழுந்தது. ரிட்டயர்மென்ட்டுக்கு இரண்டு வருஷம். "வயசாயிடுச்சு, கண்ணு தெரியல" என்று அவர் காதுபடவே பேசினார்கள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

ஒரு நாளைக்கு இருபது கடிதம், ஒவ்வொன்றிலும் பெயர் நாலு இடத்தில், நம்பர் மூன்று இடத்தில் என்றால் கழுகுக்கே கண் கட்டும் சார்!

மைக்ரோசாஃப்ட் வேர்டில் இதற்கு மருந்து உண்டு. 'டெவலப்பர்' என்று ஒரு டேப். ஃபைல், ஆப்ஷன்ஸ், கஸ்டமைஸ் ரிப்பன் என்று பிரகாரம் சுற்றி டிக் அடித்தால்தான் தரிசனம். உள்ளே 'கன்டென்ட் கன்ட்ரோல்' என்று குட்டிக் குட்டிப் பெட்டிகள், 2007 வேர்டிலிருந்து இருப்பவை. எழுத ஒன்று, காலண்டர் விரிய ஒன்று, பட்டியலில் பொறுக்கிக்கொள்ள ஒன்று. பெட்டிகளை வைத்துவிட்டு, 'ரெஸ்ட்ரிக்ட் எடிட்டிங்'கில் ஃபார்ம் நிரப்ப மட்டும் அனுமதி என்று பூட்டினால், வெளியே ஒரு கமாவைக்கூடத் தொட முடியாது. டெம்ப்ளேட்டாகச் சேமித்தால் ஒவ்வொரு தடவையும் காலிப் பெட்டிகளோடு புதுக் கடிதம் திறக்கும். முந்தின ஆளின் சேஸிஸ் நம்பர் தொற்றிக்கொண்டு வர வழியே இல்லை.

நாலு இடத்துப் பெயருக்கு? இன்செர்ட்டில் குயிக் பார்ட்ஸ், அதற்குள் டாக்குமென்ட் பிராப்பர்ட்டி. அதில் ஏதாவது ஒன்றை நாலு இடத்திலும் போட்டுவிட்டால், ஓரிடத்தில் அடிக்க மற்ற மூன்றும் தானே நிரம்பும். இரண்டு சாயங்காலத்தில் செய்து முடித்தேன்.

அடுத்தது மேக்ரோ. ஹெட் ஆபீஸ் பட்டியலில் வண்டி நம்பர் வரிக்குக் கடைசியில் வரும். எங்களுக்கு முதலில் வேண்டும். முந்நூறு வரி. ஒரு தடவை செய்து காட்டி ரெக்கார்ட் செய்தால் மிச்சத்தை வேர்டே பார்த்துக்கொள்ளும். மேனேஜர் மிரண்டார். "மேக்ரோன்னா வைரஸ்தானேய்யா?" அவர் பயத்திலும் நியாயமுண்டு. 1999 மார்ச்சில் கிளம்பிய மெலிஸா, வேர்டு ஃபைலில் மேக்ரோவாக ஒளிந்து வந்து, அவுட்லுக்கின் முதல் 50 விலாசங்களுக்குத் தன்னைத்தானே அனுப்பிக்கொண்டது. (இன்டர்நெட்டிலிருந்து வரும் ஃபைல்களின் மேக்ரோவை 2022-லிருந்து ஆபீஸ் மென்பொருளே தடுத்துவிடுகிறது.) இது நம் வீட்டுச் சமையல் சார் என்று சமாதானம் சொன்னேன்.

ரெக்கார்டரில் ஒரு விசேஷம். அது ஓடும்போது மவுஸால் எழுத்தை இழுத்துத் தேர்ந்தெடுக்க முடியாது, எல்லாம் கீபோர்டில்தான். எங்கள் இளவட்டங்களுக்கு மவுஸ் இல்லாவிட்டால் கை ஒடிந்த மாதிரி. முழித்தார்கள்.

"நகருங்க தம்பி" என்று உட்கார்ந்தார் மேடம். டைப்ரைட்டிங்கில் ஹையர். எண்ட், கன்ட்ரோல் ஷிஃப்ட்டோடு இடது அம்பு, கட், ஹோம், பேஸ்ட், ஸ்பேஸ், கீழ் அம்பு. திரையைத்தான் பார்த்தார், விரலைப் பார்க்கவேயில்லை. அப்புறம் ரெக்கார்டை நிறுத்தி, ஒதுக்கிவைத்த சாவியை அழுத்த அழுத்த, வண்டி நம்பரெல்லாம் பந்திக்கு முந்துகிற மாதிரி முன்னால் வந்து உட்கார்ந்தன.

அந்த மாதமே மதுரைக் கிளையிலிருந்து ஃபோன். மேக்ரோ வரவில்லையாம். மேனேஜர் ரிசீவரை மேடத்திடம் நீட்டினார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அவர் சொன்னார்:

"முதல்ல மவுஸைக் கீழ வைங்க தம்பி."