ஐந்து கோட்டில் எங்கள் பாட்டு

எங்கள் பாடகர் குழுவுக்கு ஒரே ஒரு நோட்டுப் புத்தகந்தான் உண்டு. இசை கற்பிக்கும் சிஸ்டர் தம் கையாலேயே ஐந்து கோடு இழுத்து, சுரம் எழுதி, அடியில் தமிழ் வரிகளைச் சேர்த்து வைத்தது. தாள்களெல்லாம் ஓரத்தில் உதிர்கின்றன. சிஸ்டர் மே மாதம் பம்மலை விட்டு மாற்றலாகிப் போகிறார் என்று அறிந்ததும், பத்தாம் வகுப்பு மாணவியர் நால்வர் கூடி அதை அச்சிட்டு விடுவதென்று தீர்மானித்தோம். பொதுத் தேர்வு நேரத்தில் இது தேவையா என்று வீட்டில் கோபித்துக் கொண்டது தனிக் கதை!

கணினி அறையில் மியூஸ்ஸ்கோர் என்னும் இலவச மென்பொருளில் சுரங்களை ஏற்றினோம். ஒவ்வொரு சுரத்தின் அடியிலும் ஓர் அசை வரவேண்டும். நாங்களோ தவறாகப் பிரித்தோம். ‘வாருங்கள்’ என்பது வா, ரு, ங், கள் ஆயிற்று. புள்ளி வைத்த ‘ங்’ தனக்கென ஒரு சுரத்தைப் பிடித்துக்கொள்ள, பின்வந்த சொற்களெல்லாம் ஓரிடம் தள்ளிப் போயின. சிஸ்டர் அதை அப்படியே ஆர்மோனியத்தில் வாசித்துப் பாடிக் காட்டினார். சிரித்துச் சிரித்து எங்களுக்கு வயிறு வலித்தது. பிறகு வா, ருங், கள் என்று மாற்றினோம்.

மியூஸ்ஸ்கோரில் பாட்டு வரும்; தலைப்பு, முன்னுரை, பொருளடக்கத்தோடு புத்தகம் வராது. பக்கம் அமைக்க ஸ்கிரைபஸ் என்ற வேறொரு மென்பொருள் வேண்டியிருந்தது. முதலில் பாட்டுகளைச் சாதாரணப் படமாக அதில் ஒட்டினோம். அச்சில் ஐந்து கோடும் மங்கிப் புகைபோல் தெரிந்தன. கோட்டைப் புள்ளிகளாக்காமல் கோடாகவே வைத்திருக்கும் எஸ்.வி.ஜி. வடிவில் சேமித்த பின்பே தெளிவு வந்தது.

நாங்கள் அலுத்துக்கொண்டபோது சிஸ்டர் சொன்னார்: “பிள்ளைகளா, சென்னையில் சின்னசாமி முதலியார் 1893-லேயே கர்நாடக இசையை இந்த ஐந்து கோட்டில் அச்சிட்டார். அவர் தூண்டியதால் சுப்பராம தீட்சிதர் எழுதிய பெரிய நூல் 1904-இல் எட்டயபுரத்தில் அச்சாயிற்று. கமகங்களுக்குக்கூடத் தனித்தனி அடையாளம் போட்டார்கள். அவர்களிடம் கணினியா இருந்தது?” அதன் பின் நாங்கள் வாய் திறக்கவில்லை.

அறுபது பிரதிகள் அச்சாகி வந்தன. நான்காம் பாட்டில் ஒரு சுரம் ஓரிடம் கீழே நின்றது! மியூஸ்ஸ்கோரில் அதைத் திருத்தியவர்கள் நாங்களே. ஸ்கிரைபஸில் ஒட்டியிருந்த பழைய படத்தை மாற்ற மறந்தவர்களும் நாங்களே. ஒன்றில் திருத்தினால் மற்றதில் தானாக மாறிவிடும் என்று நம்பியிருந்தோம். அழுகையே வந்துவிட்டது. சிஸ்டர் ஒன்றும் சொல்லாமல் கறுப்புப் பேனாவை எடுத்தார். முப்பது பிரதிகளை அவரும், முப்பதை நாங்களுமாகத் திருத்தி முடித்தபோது மாலை ஆறு மணி.