தாமிரம் போச்சு... ஊர் நிக்குது!

''டேய், தண்ணி பாட்டில் எத்தனை எடுத்த?''

''ரெண்டுண்ணா!''

''இன்னும் பத்து எடு. போறது பாலைவனம்டா!''

டிசம்பர் மாதம், காலை ஐந்து மணி. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், ஃபீனிக்ஸ் நகரத்தில் வேலை பார்க்கும் பெரியப்பா பையன் வீட்டுக்கு செமஸ்டர் லீவில் போயிருந்தேன். ''கிராண்ட் கேன்யன் போலாமா?'' என்று அண்ணன் கேட்க, ''அஹோ போலாம்ணா'' என்றேன். ஒரு மாதிரி பார்த்தான்.

காரணம் இருக்கு. நான் கோலார் தங்கவயல்காரன். 2001-ல் சுரங்கத்தை மூடியபோது தாத்தாவுக்கு வேலை போச்சு. அப்பா இன்னமும் விடியக்காலை ரயில் பிடித்து பெங்களூரு போய்த்தான் சம்பாதிக்கிறார். சுரங்கம் மூடிய இன்னொரு ஊர் எப்படித்தான் இருக்கும்னு பார்க்கணும். அவ்வளவுதான்!

ஃபீனிக்ஸிலிருந்து இரண்டு மணி நேரம். வழியெல்லாம் கையைத் தூக்கி நிற்கிற மனுஷன் மாதிரி சவாரோ கள்ளிகள். அந்தக் கை முதன்முதலாக முளைக்கவே அறுபது, எழுபது வருஷம் ஆகுமாம். ஊர் நெருங்கும்போது மலைக்குப் பக்கத்தில் தட்டையாக வெளுத்த ஒரு மேடு. எனக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. தாதுவை அரைத்துக் கொட்டிய கழிவு! எங்கள் ஊரில் அதன் மேல்தான் கிரிக்கெட் ஆடினோம்.

அஹோ என்றால் ஸ்பானிஷில் பூண்டு. ஊர் நடுவே பனை மரங்கள் சூழ்ந்த சதுக்கம், வளைவு வளைவாகத் தாழ்வாரம், வெள்ளை வெளேரென்று இரண்டு தேவாலயங்கள். சினிமா செட் மாதிரி செம அழகு! எல்லாம் சுரங்கக் கம்பெனி போட்ட பிளான். ஆனால் அந்தப் பிளானில் வெள்ளையருக்கு ஒரு பகுதி, மெக்ஸிகன்களுக்கு ஒன்று, பழங்குடிகளுக்கு இன்னொன்று. அழகுக்குப் பின்னாடி இப்படியும் ஒரு கணக்கு.

ஊரின் தென்கோடியில் நியூ கார்னீலியா சுரங்கம். வேலிக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தால் தலை சுற்றுகிறது. ஒன்றரை மைல் அகலம், ஆயிரம் அடி ஆழம், படிப்படியாக இறங்கும் பள்ளம். தாமிரம் குறைவாக உள்ள கல்லிலிருந்தும் அதை அமிலத்தால் பிரித்தெடுக்கலாம் என்று 1917-ல் இங்கே ஆலை ஓட ஆரம்பித்தது. 1983-ல் தொழிலாளர் ஸ்டிரைக், கூடவே தாமிர விலை வீழ்ச்சி. 1985-ல் எல்லாம் நின்றுபோனது.

சதுக்கத்து பெஞ்சில் பேச்சுக் கொடுத்த பெரியவர் சுரங்கத்தில் லாரி ஓட்டியவர். ''ஸ்டிரைக் அப்போ எனக்கு 22 வயசு. என் ஃப்ரெண்ட்ஸ்ல பாதிப் பேர் வண்டியில சாமானை ஏத்திக்கிட்டுப் போயிட்டாங்க'' என்றார். ''நீங்க ஏன் சார் போகலை?'' என்றேன். சிரித்தார். ''யாராவது இருக்கணும்ல?''

இருந்தார்கள். 1919-ல் கட்டிய கர்லி ஸ்கூல் இப்போது கலைஞர்கள் குடியிருக்கும் அபார்ட்மென்ட்! ஊரில் சுமார் 3,000 பேர் வாழ்கிறார்கள்.

மதியம், கபேசா ப்ரியேட்டா வனவிலங்குக் காப்பகம். 1939-ல் அமைத்தது. 8 லட்சத்து 60 ஆயிரம் ஏக்கர்... நம்ம சென்னையைப் போல எட்டு மடங்கு! பர்மிட் இலவசம். ஆனால் பக்கத்திலேயே விமானப்படை பயிற்சி எடுக்கும் இடம் என்பதால், 'வெடிக்காத குண்டு கிடக்கலாம், தொடாதே' என்று எச்சரிக்கிறார்கள். அண்ணன் என்னை முறைத்தான். ''கிராண்ட் கேன்யன் போயிருக்கலாம்டா!''

சார்லி பெல் ரோட்டில் ஜீப் குதித்துக் குதித்துப் போனது. நான் தேடியது சோனோரன் பிராங்ஹார்னை. பார்க்க மான் மாதிரி. உறவில் ஒட்டகச்சிவிங்கிக்குத்தான் நெருக்கம். வட அமெரிக்காவிலேயே வேகமாக ஓடும் விலங்கு. 2002-ல் கடும் வறட்சி வந்தபோது அமெரிக்கப் பக்கம் மிஞ்சியது வெறும் இருபத்துச் சொச்சம்தான்! பாலைவனத்திலேயே பெரிய வேலி அடைத்து, சிலவற்றை உள்ளே விட்டு, தண்ணீர் பாய்ச்சி, தீவனம் வளர்த்து, குட்டிகள் பெருகியதும் காட்டில் விட்டார்கள். இப்போது சில நூறு ஓடுகின்றன.

மூன்று மணி நேரம் பைனாகுலரும் கையுமாக உட்கார்ந்தோம். ஒரு முயல், நாலு காடை, தலைக்கு மேல் ஒரு போர் விமானம். பிராங்ஹார்ன் மட்டும் கண்ணில் படவே இல்லை! ஆனாலும் ஏமாற்றமாக இல்லை. எங்கேயோ ஓடிக்கொண்டிருக்கிறதே, அது போதும்.

திரும்பும்போது ஒன்று உறைத்தது. சுரங்கத்தை எப்படித் தோண்டுவது என்று சொல்ல ஆயிரம் இன்ஜினீயர்கள் இருக்கிறார்கள். மூடிய பிறகு அந்த ஊரை என்ன செய்வது? அந்தச் சப்ஜெக்ட் எங்கள் சிலபஸில் இல்லை. இருபது விலங்குக்குக் கணக்குப் போட்டு வேலி கட்டத் தெரிந்த நாட்டிலேயே, அஹோவை விட்டுப் போனவர்களுக்கு யாரும் வேலி கட்டவில்லை.

ராத்திரி தாத்தாவுக்கு போன் போட்டேன். எல்லாம் கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்.

''அங்க ஜனம் இருக்குதாப்பா?''

''இருக்காங்க தாத்தா.''

''அப்ப ஊரு சாகலை'' என்றார்.