அருவிப் பை

பித்தளைத் தாம்பாளத்தைத் தேடித்தான் பரணில் ஏறினேன். கையில் தட்டுப்பட்டது அந்தப் பை. நீல ரெக்சின் பை. பிடி அறுந்து சணல் கயிற்றால் கட்டியிருந்தது. கீழே நின்ற தங்கச்சியிடம் ஒன்றும் சொல்லாமல் நீட்டினேன். வாங்கி மூக்கருகே கொண்டுபோனாள். "எண்ணெ வாசம் இன்னும் போகல பாரு" என்றாள்.

எங்கள் வீட்டில் அதற்கு அருவிப் பை என்று பெயர். தென்காசிக்காரர்களுக்குக் குற்றாலம் சுற்றுலாத் தலம் இல்லை. ஐந்து கிலோமீட்டர், அவ்வளவுதான். ஆனியிலும் ஆடியிலும் கணவாய் வழியாகக் காற்று நுழைந்தால் சாரல் எங்கள் திண்ணை வரை வந்து நனைத்துவிட்டுப் போகும். "தண்ணி விழுதாம்" என்று யாராவது சொன்னால் போதும், அப்பா பையை இறக்கிவிடுவார். ஆனால் அவர் எங்களோடு அருவிக்குள் நின்று நான் பார்த்ததில்லை. எல்லோருடைய வாட்ச், மோதிரம், மூக்குக் கண்ணாடி, மாற்றுத்துணி எல்லாவற்றையும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு படியில் உட்கார்ந்திருப்பார். "நீங்க போங்கடே, நான் கடைசியா குளிச்சுக்கிடுதேன்" என்பார். அந்தக் 'கடைசி' வருவதற்குள் எங்களுக்குப் பசி வந்துவிடும். பசி வந்தபின் யார் காத்திருப்பது?

போன ஆனியில் அவர் போனார். நாற்காலியில் பேப்பரோடு உட்கார்ந்திருந்தவரை அம்மா காப்பிக்கு இரண்டு முறை கூப்பிட்டிருக்கிறாள். அதற்கு மேல் அதை எழுத எனக்கு இஷ்டமில்லை.

வருஷத் திதிக்காக எல்லோரும் வந்திருந்தோம். நானும் மகனும் சென்னையிலிருந்து, தங்கச்சி குடும்பம் பெங்களூரிலிருந்து, அப்பாவின் அக்கா கடையநல்லூரிலிருந்து. சனிக்கிழமை காலை பேரருவிக் கரையில் வைத்துத் திதி. ஐயர் மூன்று தலைமுறைப் பெயரைக் கேட்டார். அப்பாவின் தாத்தா பெயர் எனக்குத் தெரியவில்லை. போன் போட்டு அப்பாவிடம் கேட்டுவிடலாம் என்று தோன்றியது. நிஜமாகவே தோன்றியது; கை சட்டைப் பையைத் தேடி, சட்டை போடாத நெஞ்சைத் தடவிவிட்டுத் திரும்பியது. அதற்குள் படியில் நின்ற அத்தை பெயரை உரக்கச் சொன்னாள். அருவி இரைச்சலில் ஐயருக்குக் கேட்கவில்லை. மறுபடி கத்தினாள். எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு வீடு வந்தோம். வாழைக்காய், அவியல், வடை, பாயசம். சோற்றை வைத்ததும் காக்காய் வந்துவிட்டது. அப்பா எதற்கும் பிந்தினவர் இல்லை.

சாயங்காலம் பையைத் திண்ணையில் கொட்டினோம். இரண்டு துண்டு, பல் உடைந்த சீப்பு, காய்ந்துபோன சோப்பு டப்பா (இப்போது அருவியில் சோப்பு போட விடுவதில்லை), வாயில் ரப்பர் பேண்ட் சுற்றிய பாலிதீன் கவர், ஊக்குகள், ஒரு கூலிங் கிளாஸ். கூலிங் கிளாஸ் யாருடையது என்று பெரிய வழக்கு நடந்தது. மாப்பிள்ளை தன்னுடையது இல்லை என்று அவசரமாக மறுத்ததில் எல்லோருக்கும் சந்தேகம் வந்தது. அம்மா மட்டும் பேசாமல் துண்டுகளை உதறி மடித்துக்கொண்டிருந்தாள்.

தங்கச்சி மகள்தான் கேட்டாள், "ஆச்சி, நாளைக்கு அருவிக்குப் போவோமா?"

யாரும் பதில் சொல்லவில்லை. துக்க வருஷம் முடிந்த மறுநாளே குளித்துக் கும்மாளமிட்டால் தெரு என்ன பேசும் என்ற யோசனை எனக்கு. நான் சென்னையில் இருப்பவன். பேச்சைக் கேட்கப்போகிறவள் அம்மா. அத்தை வெற்றிலையை மடித்தபடி, "வருஷம் கழிஞ்சுட்டுல்லா. பிள்ளையளக் கூட்டிட்டுப் போங்க" என்றாள். அம்மா தனக்குத் தலை வலிக்கிறது, வீட்டில் இருக்கிறேன் என்றாள். அப்படியானால் யாரும் போக வேண்டாம் என்று தங்கச்சி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து அம்மாவாகவே, "சரி, வாரேன். பையை யாரு பாத்துக்கிடுவா?" என்றாள்.

ஞாயிறு காலை ஐந்தருவி. நல்ல கூட்டம். பொருட்களையெல்லாம் வாங்கிக்கொண்டு அம்மா படியில் உட்காரப் போனாள். நான் பையைப் பிடுங்காத குறையாக வாங்கினேன். "நீ போம்மா. நான் கடைசியா குளிச்சுக்கிடுதேன்." சொன்ன பிறகுதான் யாருடைய வாக்கியம் என்று இருவருக்கும் உறைத்தது. அம்மா என்னை ஒருமுறை பார்த்தாள். அத்தை அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

பெண்கள் பக்கம் தனி. நான் இருந்த இடத்திலிருந்து தெரியாது. தெரிவதெல்லாம் குளித்துவிட்டு வருகிற வழிதான். அந்த வழியில் வருகிற ஒவ்வொரு முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம் அசடாக, கண் சிவந்து, பல் கிட்டி, யாரிடம் பேசுகிறோம் என்றில்லாமல் எதிரே வருகிறவனிடமெல்லாம் "செம தண்ணி சார்" என்றுகொண்டு வருகிறார்கள். பெரிய மனிதர்கள்கூட அப்படித்தான் வருகிறார்கள். நாங்களும் முப்பது வருஷமாக இந்த முகத்தோடுதான் அப்பாவிடம் வந்து துண்டுக்குக் கை நீட்டியிருக்கிறோம்.

திடீரென்று விசில். மேலே மலையில் மழை போலிருக்கிறது; வெள்ளையாக விழுந்த தண்ணீர் செம்மண் நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. போலீஸ்காரர்கள் எல்லோரையும் வெளியேற்றினார்கள். என் மகனும் மாப்பிள்ளையும் வந்தார்கள். தங்கச்சியும் மகளும் வந்தார்கள். அம்மா வரவில்லை. பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்து நின்றேன். எத்தனை நிமிஷம் என்று தெரியவில்லை. என் வாட்ச் பைக்குள் இருந்தது.

கடைசியாக வந்தார்கள். அத்தையை அம்மா கைத்தாங்கலாகக் கூட்டி வந்தாள். "பொம்பளப் போலீசு விசில் அடிச்சு அடிச்சு வாய் வலிச்சுப் போச்சு அவளுக்கு. ஒங்கத்தை நகர மாட்டேங்கா!" என்று சொல்லிச் சிரித்தாள். வாய்விட்டுச் சிரித்தாள். நான் நிற்பதைப் பார்த்ததும், சட்டென்று புறங்கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் குனிந்து, மேலாகவே இருந்த துண்டைப் பைக்குள் வெகுநேரம் தேடினேன்.

பிரானூர் பார்டரில் பரோட்டா சாப்பிட்டோம். 1956இல் செங்கோட்டை நம்மோடு சேரும்வரை எல்லை அங்கேதான் இருந்தது. அதனால்தான் அந்தப் பெயர் என்பதை அப்பா ஒவ்வொரு முறையும், முதல் பரோட்டாவைப் பிய்க்கும்போதே ஆரம்பிப்பார். "தெரியும்ப்பா" என்று நாங்கள் கோரஸாகச் சொல்வோம். இந்த முறை எல்லோரும் பேசாமல் பிய்த்துக்கொண்டிருந்தோம். அம்மா பேத்தி பக்கம் திரும்பி, "இதுக்கு ஏன் பார்டர்னு பேரு, தெரியுமாட்டி?" என்று தொடங்கினாள். வருஷத்தை அம்பத்தேழு என்று சொன்னாள். யாரும் திருத்தவில்லை. ஒரு வருஷமாகக் கறி தொடாதவள், சால்னாவை மட்டும் ஊற்றிக்கொண்டாள். அத்தை தன் இலையிலிருந்து ஒரு கோழித்துண்டை எடுத்து அவள் இலையில் வைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

சாயங்காலம் பொதிகையில் ஏறிவிட்டோம். திங்கள் காலை தாம்பரம் தாண்டும்போது அத்தையின் போன்.

"ஏல, பேப்பர் வாசிக்கக் கண்ணாடியத் தேடுதேன், காங்கல. ஒங்கிட்டதானே குடுத்தேன்?"

சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தேன். இருந்தது.

"ஒங்கப்பன் ஒரு நாளாவது இப்படிச் செஞ்சிருக்கானா? பைக்குள்ள போடணும்லா. சட்டைப் பையில எதுக்குப் போட்ட?"