பேரேட்டில் ஒரு பெயர்

மலைநாட்டு லயங்களிலே ‘பேர்’ என்னுஞ் சொல்லுக்குத் தனியானதொரு பொருள் உண்டு. ஒரு நாள் வேலைக்குரிய சம்பளமே அங்கு ‘பேர்’ எனப்படும். கொழுந்து நிறைக்கு வந்தால் முழுப்பேர்; குறைந்தால் அரைப்பேர். மாத்தளை மாவட்டத்து எல்கடுவப் பகுதியில் ஒரு தேயிலைத் தோட்டத்திற் பிறந்து வளர்ந்தவன் நான். “இன்னைக்கு அரைப்பேருதான் போட்டாங்க” என்று கூறியவாறு கூடையை இறக்கி வைக்கும் என் அப்பாயியின் குரல் இன்றும் காதில் ஒலிக்கின்றது. செக்றோலை எழுதுபவர் ஒருவர். அதிலே எழுதப்படுவதைக் கொண்டு உலை வைப்பவர் வேறொருவர். தம் பெயருக்கு நேரே என்ன எழுதப்பட்டது என்பதை வாசித்தறியும் வாய்ப்பு அப்பாயிக்கு வாழ்நாளிற் கிட்டவில்லை.

அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஊழியர் சேமலாப நிதிக்கு விண்ணப்பித்தபோதுதான் அதன் விளைவு வெளிப்பட்டது. தோட்டத்துப் பதிவில் ‘ஆயி’ என்று முடிந்த அவர் பெயர், தேசிய அடையாள அட்டையில் ‘அம்மா’ என்று முடிந்திருந்தது. என்றோ ஒருநாள் யாரோ ஒருவர் காதில் விழுந்தபடி எழுதிவிட்ட பிழை அது. இரு பெயர்களும் ஒருவரையே குறிப்பன என நிறுவுவதற்குச் சத்தியக் கடதாசியுடன் நகரத்துக்கும் தோட்டத்துக்குமாக அவர் பலமுறை அலைந்தார். முப்பத்தைந்து ஆண்டுகள் கொழுந்து கொய்த கைகள் சான்றாகவில்லை, பேரேடே சான்றாயிற்று.

இக்கதையை இங்கு கூறுவதற்குக் காரணம் உண்டு. இன்று உலகம் முழுவதுமே ஒரு பேரேட்டை நம்பி வாழ்கின்றது. இணையத்தில் இணைந்துள்ள கணினிகள் ஒன்றையொன்று எண்களாலேயே அறிகின்றன. மனிதரோ பெயர்களையே நினைவிற் கொள்கின்றனர். பெயரைக் கூறினால் அதற்குரிய எண்ணைத் தேடித் தரும் பேரேடே ஆள்களப் பெயர் முறைமை. தொடக்கத்தில் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் ஆராய்ச்சி நிலையத்தில் ஒரேயொரு கோப்பிலே எல்லாப் பெயர்களும் எழுதி வைக்கப்பட்டிருந்தன. பெயர்கள் பெருகவே, 1983இல் போல் மொக்கபெட்ரிஸ் என்பார் அப்பேரேட்டைப் பல கைகளிற் பகிர்ந்து வைக்கும் முறையை வகுத்தார். அதன் உச்சியில் இருப்பது வேர். அதன் கீழே நாடுகளுக்குரிய கிளைகள். இலங்கைக்குரிய ‘எல்.கே.’ என்னுங் கிளை 1990இல் வழங்கப்பட்டது. அதனை எல்.கே. ஆள்களப் பதிவகம் நிருவகித்து வருகின்றது.

2021ஆம் ஆண்டு பெப்ரவரி 6ஆந் திகதி சனிக்கிழமை, இந்தப் பேரேட்டிலே பிறர் கை வைத்தனர். கூகிளின் இலங்கை முகவரி உட்படச் சில ‘எல்.கே.’ பெயர்களுக்கு நேரே இருந்த குறிப்புகள் மாற்றப்பட்டன. கூகிளின் கணினிகளுக்குள் எவரும் புகவில்லை. பெயர் காட்டும் திசை மட்டுமே மாறியது. அம்முகவரிகளை நாடியோர் வேறொரு பக்கத்துக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அங்கே தேயிலைத் துறையின் பிரச்சினைகள், ஊடக சுதந்திரம், ஊழல், சிறுபான்மையினரின் நிலை முதலியன எழுதப்பட்டிருந்தன. அதற்கு முதல் நாளே ஆயிரம் ரூபா நாட்சம்பளங் கோரித் தோட்டங்களில் அடையாள வேலைநிறுத்தம் நடந்திருந்தது.

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டிலிருந்த எனக்கு நண்பனொருவன் மூலம் இச்செய்தி எட்டியது. உண்மையை மறைப்பதற்கில்லை, நான் மகிழ்ந்தேன். நாடு காணாத எங்கள் லயத்தை நாடே தேடிச் செல்லும் வாசலில் யாரோ எழுதி ஒட்டிவிட்டார்கள் என்று பூரித்தேன். அப்பாயியிடம் ஓடிச்சென்று விளக்கினேன்.

“அப்ப ஆயிரம் ரூவா குடுத்துட்டாங்களா?” என்று கேட்டார்.

“இல்ல அப்பாயி.”

சற்று நேரம் வெற்றிலையை மென்றுகொண்டிருந்துவிட்டு, “அந்தப் பொஸ்தகத்துக்குப் பூட்டு இல்லையாப்பா?” என்றார்.

அந்த வினாவுக்கு அன்று என்னிடம் விடை இருக்கவில்லை. பல்கலைக்கழகத்துக்கு வந்த பின்னரே தேடிப் படித்தேன். பூட்டு உண்டு. 2008இல் டான் கமின்ஸ்கி என்னும் ஆய்வாளர், பெயர் கேட்கும் கணினியின் நினைவிலே பொய்யான விடையைப் புகுத்திவிட வழியிருந்ததை எடுத்துக்காட்டினார். இத்தகைய மோசடியைத் தடுப்பதற்கு, ஒவ்வொரு விடையும் மறையீட்டு ஒப்பத்துடன் வரும் முறை முன்னரே வகுக்கப்பட்டிருந்தது. அதற்குப் பின்னர் அது விரைவுபெற்று, 2010 யூலையில் வேருக்கே ஒப்பமிடப்பட்டது. வேரின் திறவுகோல் அமெரிக்காவில் இரு இடங்களிற் காக்கப்படுகின்றது. அதனைப் பயன்படுத்துஞ் சடங்குக்குப் பல நாட்டவர் சாட்சிகளாக அமர்கின்றனர். உலகம் பார்க்க அது ஒளிபரப்பவும் படுகின்றது.

ஆயினும் இப்பூட்டுக்கும் ஓர் எல்லை உண்டு. பேரேட்டில் உள்ளது வழியில் மாறாமல் வந்துசேர்ந்தது என்பதற்கே ஒப்பம் சாட்சி. பேரேட்டுக்குள்ளேயே பொய் எழுதப்படுமாயின், அப்பொய்யும் ஒப்பத்துடனேயே வெளிவரும். அப்பாயியின் பெயரைப் பிழையாக எழுதிய பதிவிலுங் கூட முத்திரை குறைவின்றியே இருந்தது. ஆகவே, பூட்டைவிடப் பெரிய வினா, எழுதுகோல் யார் கையில் இருக்கின்றது, அவர் எழுதுவதைப் பார்ப்பவர் யார் என்பதேயாகும். இணைய ஆளுகை என்று அறிஞர் கூறுவதன் சாரமும் இதுவே என எனக்குத் தோன்றுகின்றது.

வேர்ப் பேரேட்டைப் பேணும் பொறுப்பு 1998இல் அமைக்கப்பட்ட ஐகான் என்னும் நிறுவனத்திடம் உள்ளது. 2016 செப்டெம்பர் இறுதிவரை அமெரிக்க அரசின் மேற்பார்வை அதன்மீது இருந்தது. அதன் பின்னர் அரசுகள், நிறுவனங்கள், தொழினுட்பவியலாளர், பயனாளர் எனப் பல தரப்பாருங் கூடி வழிநடத்தும் ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. எங்கள் நாட்டுக்கு 2010இல் சிங்களத்திலுந் தமிழிலும் தனித்தனி ஆள்களப் பெயர்கள் கிடைத்தன. ‘.இலங்கை’ என்று நம் எழுத்திலேயே உலகப் பேரேட்டில் ஓர் இடம் இருக்கின்றது. பிறர் காதில் விழுந்தபடி எழுதப்பட்டு உருமாறிய பெயர்களைச் சுமப்பவர்களின் வழிவந்த எனக்கு இது சிறிய செய்தியன்று.

அன்று நான் அடைந்த மகிழ்ச்சியை இன்று மீண்டும் எண்ணிப் பார்க்கின்றேன். அப்பக்கம் சொன்ன குறைகளிலே எங்கள் குறையும் இருந்தது, அதிற் பொய்யில்லை. ஆனால் அதனை எழுதியவர் எங்களைக் கேட்டு எழுதவில்லை. எங்களுக்காக ஒருநாள் பேரேட்டை உடைக்கக் கூடுமாயின், எங்களுக்கெதிராக மறுநாள் உடைப்பதும் இயலும். அன்று வழிமாறிச் சென்றவர்கள் கண்டது ஒரு முறையீடு. அதே வழியில் வங்கியொன்றின் பெயரைத் திருப்பியிருந்தால், ஏழை ஒருவரின் சேமிப்பே பறிபோயிருக்கலாம். பதிவிலிருந்து நீக்கப்படுவதன் துயரம் மலையக மக்களுக்குப் புதிதன்று. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டோரின் வழித்தோன்றல்களுக்கு, எஞ்சியிருந்த உரிமையைப் பெற 2003ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது. பேரேடு திருத்தப்பட வேண்டுமென்பதிற் கருத்து வேறுபாடில்லை. அது பகலில், பலர் பார்க்க, எழுதப்பட்டவருக்கு வாசித்துக் காட்டித் திருத்தப்பட வேண்டும் என்பதே என் துணிபு. ஆயிரம் ரூபாச் சம்பளமும் முகவரி மாறிய பக்கத்தால் வரவில்லை. 2021 மார்ச்சில் வெளியான வர்த்தமானி அறிவித்தலாலேயே வந்தது.

இணையத்தின் பாதுகாப்புப் பொறியியல் மாணவருக்கே உரியதென்று கலைப்பீடத்தார் நாம் ஒதுங்கியிருத்தல் ஆகாது. யார் எழுதுவது, யார் சாட்சி, பிழை நேர்ந்தால் யாரிடம் முறையிடுவது என்னும் வினாக்கள் வரலாறும் சட்டமும் மொழியும் பயில்வோரின் வினாக்களே.

அப்பாயிக்குச் சேமலாப நிதி ஈற்றிலே கிடைத்தது. இப்போதெல்லாம் எந்தக் கடதாசி வந்தாலும் அவர் உடனே கைநாட்டு வைப்பதில்லை. விடுமுறைக்கு நான் வீடு திரும்பும்வரை அதனைத் தகரப் பெட்டியில் வைத்திருந்து, என் முன்னே நீட்டுவார்.

“மொதல்ல எம் பேர வாசிச்சுக் காட்டு.”