கையெழுத்துக்கு முன்

பல்கலைக்கழகத்தின் பழைய கட்டடமொன்றில், இரண்டாம் மாடியில், படிக்கட்டை ஒட்டினாற்போல் அந்த அலுவலகம் அமைந்திருக்கிறது. மனிதரைக் கொண்டு நடத்தப்பெறும் ஆய்வுகள் நெறி தவறாமல் நடக்கின்றனவா என்று பார்ப்பது அதன் வேலை. பட்டமளிப்பு விழா மேடையில் அதன் பெயரை எவரும் சொல்வதில்லை. ஆய்வு வெற்றி பெற்றால் புகழ் ஆய்வாளரைச் சேரும். ஆய்வு காலந்தாழ்ந்தால் பழி இவ்வலுவலகத்தைச் சேரும். அதன் தலைமைப் பொறுப்பை ஏற்ற அம்மையார் இவ்வுண்மையை முதல் மாதத்திலேயே அறிந்துகொண்டார். அதற்காக அவர் வருந்தியதாகத் தெரியவில்லை.

அவர் தோட்டத்தில் பிறந்தவர். தந்தை பால்மரம் சீவியவர். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் எழுத்தறிந்து, படிப்படியாக உயர்ந்து, பொதுச் சுகாதாரத் துறையில் முனைவர் பட்டம் பெற்றவர். தோட்டம் கைமாறியபோது தந்தை ஏதோ ஒரு தாளில் பெருவிரல் ரேகை வைத்துவிட்டு வந்ததையும், அத்தாளில் என்ன எழுதியிருந்தது என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாமற் போனதையும் அவர் எப்போதாவது சொல்வதுண்டு. அதற்குமேல் அதனைப் பற்றி விரித்துரைப்பதில்லை.

அலுவலகத்திற்கு வரும் விண்ணப்பங்கள் எல்லாம் ஒரே தரத்தன அல்ல. வினாத்தாள் ஒன்றை நிரப்பச் சொல்லும் எளிய ஆய்வை ஓரிரு உறுப்பினர் பார்த்தாலே போதும். ஊசி குத்துவது, மருந்து கொடுப்பது, சிறுவரையோ சிறைப்பட்டோரையோ ஈடுபடுத்துவது என்றால் முழுக்குழுவும் கூடியாக வேண்டும். குழுவில் குறைந்தது ஐவர் இருக்க வேண்டும், அவருள் ஒருவரேனும் அறிவியல் துறை சாராதவராகவும், ஒருவரேனும் அந்நிறுவனத்தைச் சாராதவராகவும் இருக்க வேண்டும் என்று அனைத்துலக வழிகாட்டிகள் வற்புறுத்துகின்றன. அறிந்தவர்கள் மட்டுமே கூடிப் பேசும் அவையில், அறியாதவன் கேட்கக்கூடிய கேள்வி எழாது போய்விடும் அல்லவா? இக்குழுவில் அந்த இடத்தில் அமர்ந்திருந்தவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்.

ஒருநாள் இளம் மருத்துவர் ஒருவரின் விண்ணப்பம் வந்தது. தோட்டங்களை விட்டு நகர்ப்புற அடுக்குமாடி வீடுகளில் குடியேறிய முதியோரிடையே இனிப்பு நீர் நோயை ஆராய்வது அவர் நோக்கம். குருதி எடுக்க வேண்டும். அதில் ஒரு பகுதியைப் பிற்கால மரபணு ஆய்வுகளுக்காகச் சேமித்து வைக்கவும் வேண்டும். நோக்கத்தில் குறையில்லை. விளக்கத்தாளின் தமிழ்தான் இடறியது. 'தங்களின் உயிரியல் மாதிரிகள் எதிர்கால மரபணுவியல் ஆய்வுகளுக்கெனப் பேணப்படும்' என்று அதில் எழுதப்பட்டிருந்தது. ஆசிரியர் அதனை இருமுறை வாய்விட்டுப் படித்தார்.

"இதில் இலக்கணப் பிழை ஒன்றுமில்லை. ஆனால் என் தாயார் இருந்திருந்தால், எதைப் பேணப் போகிறார்கள் என்று கேட்டிருப்பார்," என்றார்.

பிறகு அவரே ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்: 'உங்களிடம் எடுக்கும் இரத்தத்தில் கொஞ்சத்தை வைத்திருப்போம். பின்னால் வேறு ஆராய்ச்சிக்கும் அதைப் பயன்படுத்துவோம். வேண்டாம் என்று நீங்கள் சொல்லலாம். சொன்னாலும் உங்கள் சிகிச்சை குறையாது.' அதன் கீழே 'சரி', 'வேண்டாம்' என இரண்டு கட்டங்கள். சொற்பெருக்கைப் புலமை என்று மயங்கும் நம்மவர்க்கு அந்த நான்கு வரிகள் நல்ல பாடம். குழு ஒப்புதல் அளித்தது.

மூன்று வாரம் கழித்துத் தொலைபேசி மணி அடித்தது. விளக்கத்தாளின் அடியில் அச்சிட்டிருந்த எண்ணைப் பார்த்து அழைத்தவர் ஒரு பெண்மணி. "எங்கள் அம்மா கையெழுத்துப் போட்டால்தான் அரிசி கொடுப்போம் என்றார்களாம். இது மெய்யா?"

விண்ணப்பத்தில் அரிசியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. மறுநாளே அம்மையார் அந்த அடுக்குமாடிக்குச் சென்றார். கீழ்த்தளக் கூடத்தில் ஒரு புறம் மேசை. அதன்மேல் படிவங்களும் குருதிக் குழாய்களும். மறுபுறம் பத்துக் கிலோ அரிசிப் பைகள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. மேசையைக் கடந்தவர்களே பையை வாங்கினார்கள். படிவத்தைப் படித்தவர் அருகிலேயே இருந்தார். ஆனால் கேட்டவர்களின் கண்கள் அரிசியின்மேல் இருந்தன. வணிகர் ஒருவர் நன்கொடையாகத் தந்த அரிசி அது. மருத்துவரும் கள்ளமனத்தோடு அதைச் செய்யவில்லை. ஏழை முதியோர் வெறுங்கையோடு போகலாகாது என்றே அவர் எண்ணினார்.

அம்மையார் அன்றே ஆய்வை நிறுத்தி வைத்தார். எடுத்த குருதியை ஆராயாமல் முத்திரையிட்டு வைக்கும்படி பணித்தார்.

அன்று மாலையே புல முதல்வர் தொலைபேசியில் அழைத்தார். ஆய்வு மானியத்தின் காலவரை நெருங்கிக்கொண்டிருந்தது. "ஒரு பை அரிசிக்காகவா இவ்வளவும்?" என்று கேட்டார். "ஆம், அரிசிக்காகத்தான்," என்றார் அம்மையார்.

அவர் அவ்வாறு சொன்னதற்கு ஒரு காரணம் இருந்தது. அவருடைய மேசை இழுப்பறையில் 1907-ஆம் ஆண்டு 'லான்செட்' இதழில் வெளிவந்த கட்டுரையொன்றின் படி இருந்தது. புதிதாக வேலைக்குச் சேர்வோர்க்கு நூரம்பர்க் நெறியையும் ஹெல்சிங்கி அறிக்கையையும் காட்டுமுன் அவர் அதைத்தான் காட்டுவார். தொலைதூரத்து அமெரிக்காவின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை கறுப்பின மக்களின் மேகநோயைக் குணப்படுத்தாமல் வேடிக்கை பார்த்த கொடுமையை உலகறியும். நம் மண்ணிலேயே நடந்ததை நம்மவர் பலர் அறியார்.

அந்நாளில் மலாயாவில் பெரிபெரி நோய் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. சீனத் தொழிலாளர் அதனால் மடிய, புழுங்கல் அரிசி உண்ட தமிழ்த் தொழிலாளரை அது பெரிதும் தீண்டவில்லை. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய பிராடன் என்ற மருத்துவர் இதனைக் கண்டு, தீட்டிய வெள்ளை அரிசியே காரணம் என்று வாதிட்டார். அதனைச் சோதித்தறிய முற்பட்டவர் வில்லியம் பிளெட்சர். 1905-ஆம் ஆண்டு டிசம்பர் 5-ஆம் நாள், கோலாலம்பூர் மனநோயாளர் விடுதியில் இருந்தவர்களை உணவுக் கொட்டகையில் வரிசையாக நிறுத்தி எண்ணினார்கள். ஒற்றை எண்ணுக்கு உரியவர்கள் முற்றத்தின் கிழக்குப் பக்கம். அவர்களுக்கு வழக்கமான வெள்ளை அரிசி. இரட்டை எண்ணுக்கு உரியவர்கள் மேற்குப் பக்கம்; அவர்களுக்குப் புழுங்கல் அரிசி. ஓராண்டு முடிவில் கணக்குப் பார்த்தபோது, ஏறத்தாழ 120 பேர் கொண்ட கிழக்குப் பக்கத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் நோயுற்றிருந்தனர். 18 பேர் இறந்திருந்தனர். மேற்குப் பக்கத்தில் அந்நோயால் இறந்தவர் எவருமில்லர்.

தவிட்டோடு போய்விடும் உயிர்ச்சத்து பி1, நெல்லைப் புழுக்கும்போது அரிசிக்குள் இறங்கித் தங்குகிறது என்பதை இன்று பள்ளி மாணவரும் அறிவர். அவ்வறிவுக்கு வழி வகுத்த ஆய்வுகளுள் இதுவும் ஒன்று. அதனால் பிழைத்த உயிர்கள் எத்தனையோ! ஆயினும், வரிசையில் நிற்கும்போது தம் எண் ஒற்றையா இரட்டையா என்பதே தம் வாழ்வையும் சாவையும் பிரிக்கப் போகிறது என்று அந்தப் பதினெண்மரும் அறிந்திருப்பரா? அவர்களிடம் கேட்டவர் யார்? கேட்கும் வழக்கமே அக்காலத்தில் இல்லை. ஆதலின் பிளெட்சரை இன்று கடிந்துரைப்பது எளிது, அதில் பெருமையுமில்லை. கேட்கும் வழக்கம் வந்த பிறகும் கேளாதிருப்பதற்கே மன்னிப்பில்லை.

இளம் மருத்துவர் கொதிப்போடு வந்தார். அலுவலகத்தில் எப்போதும் 'டாக்டர்' என்று அழைப்பவர், அன்று கதவைச் சாத்திவிட்டு, "அக்கா" என்றார். "நம் மக்களை ஆராய யாரும் வருவதில்லை. கால் இழந்தும் கண் இழந்தும் போகிறார்கள். நான் வந்தேன், என்னை நீங்களே நிறுத்துகிறீர்கள்."

அக்குற்றச்சாட்டில் உண்மை இருந்தது. அம்மையார் அதை மறுக்கவில்லை. காலம் கடப்பதாலும் உயிர்க்கு ஊறு உண்டு. கோப்பில் கையெழுத்திடாமல் வைத்திருப்பவர் அதை மறந்துவிடக் கூடாது. அவர் நெடுநேரம் பேசாதிருந்து, பின்னர், "அரிசியைக் கொடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, தம்பி. எல்லார்க்கும் கொடுங்கள். கையெழுத்தை அடுத்த வாரம் கேளுங்கள்," என்றார்.

மருத்துவர் மறுமொழி கூறாமல் எழுந்து போனார். ஆனால் நான்காம் நாள் திருத்திய விண்ணப்பம் வந்தது. குழு அவசரக் கூட்டம் கூடி அதனை ஏற்றது. முன்பு கையொப்பமிட்டவர்களிடமும் மீண்டும் கேட்கப்பட்டது. எழுவர் மறுத்துவிட்டனர். அந்த எழுவரின் குருதிக் குழாய்கள் அழிக்கப்பட்டபோது அம்மையார் உடனிருந்து பதிவேட்டில் ஒப்பமிட்டார். மருத்துவரும் பக்கத்தில் நின்றிருந்தார், முகம் வாடியிருந்தது.

இரண்டாம் முறை கூடத்திற்குச் சென்றபோது அரிசிப் பைகள் அங்கே இல்லை. அவை முந்திய வாரமே வீடுகளுக்குப் போய்விட்டன. கூட்டம் முன்னினும் குறைவுதான். வந்தவர்கள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்டார்கள். தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை படித்த பாட்டி ஒருவர், மூக்குக்கண்ணாடியைத் துடைத்து அணிந்துகொண்டு, தாளைத் தாமே எழுத்துக் கூட்டிப் படித்தார். படித்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று. மருத்துவர் காத்திருந்தார்.

"இரத்தம் எடுத்துக்கோ, தம்பி. மிச்சத்தை மட்டும் வெச்சுக்க வேணாம்," என்றார் பாட்டி.

மருத்துவர் இரண்டாம் கட்டத்தில் அடையாளமிட்டார். பாட்டி தாளை வாங்கி, அடையாளம் எந்தச் சொல்லுக்கு நேராக இருக்கிறது என்று விரல் வைத்துப் பார்த்தார். அதன் பிறகே பேனாவைக் கேட்டார்.