இறக்கம் முடியும் இடத்தில் ஏரி



திருப்போரூர் – செங்கல்பட்டு சாலையில் எடுத்த படத்தைப் போன வாரம் போட்டதும் இத்தனை பேர் வழி கேட்பீர்கள் என்று நினைக்கவில்லை. "சார், இது ஆந்திராவா?" என்று 1994 செட் பையன் ஒருவன் கேட்டிருந்தான். ஆந்திரா இல்லையப்பா. குரோம்பேட்டையிலிருந்து காலை காபி குடித்துவிட்டுக் கிளம்பினால், வெயில் ஏறுவதற்குள் சைக்கிளிலேயே போய்ச் சேரலாம். "இந்த வயசுல இதெல்லாம் தேவையா சித்தப்பா?" என்று கேட்ட பிள்ளைகளுக்குத் தனியாகப் பதில் சொல்லிவிட்டேன். மற்றவர்களுக்கு இது. கொஞ்சம் நீளம்தான். மணி அடித்த பிறகும் பேசிக்கொண்டிருப்பவன் நான் என்பது உங்களுக்குத் தெரியாததா?

நம் ஊரைச் சமதரை என்றே எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். வடக்கே திரிசூலம், பல்லாவரம் மலைகள். மேற்கே திருநீர்மலை. சானடோரியம் பக்கம் பச்சைமலை. கிழக்கே நன்மங்கலம். இன்னும் தெற்கே போனால் வண்டலூர்க் காடு. ஒன்றும் ஊட்டி இல்லை; சொல்லப்போனால் எம்.ஐ.டி. மேம்பாலம் ஏறுவதுதான் சில நாள் பெரிய மலையாகத் தெரிகிறது. ஆனாலும் காரில் போகும்போது தெரியாத ஏற்றம் சைக்கிளில் முழங்காலுக்குத் தெரிந்துவிடும். ஓய்வு பெற்றபின் மகள் கியர் வைத்த சைக்கிள் வாங்கிக் கொடுத்தாள். முதலில் அதைத் திட்டினேன். அம்பத்தூரில் செய்த என் பழைய ஹெர்குலிஸ் முப்பது வருடம் என்னைப் பள்ளிக்குச் சுமந்தது, அதற்கு ஏது கியர்? வண்டலூர் தாண்டியதும் திட்டுவதை நிறுத்திவிட்டேன்.

இந்த மலைகளின் கல்லைப் பற்றி வகுப்பில் சொல்லியிருக்கிறேன். பரங்கிமலை, பல்லாவரம் பக்கத்துக் கருங்கல்லுக்கு உலகம் முழுக்கப் பெயர் சார்னகைட். கல்கத்தாவில் ஜாப் சார்னக் என்ற கம்பெனி அதிகாரியின் கல்லறையில் பதித்த கல் நம் பக்கத்திலிருந்து போனது. அதை ஆராய்ந்த ஹாலண்ட் என்ற புவியியலாளர் அவர் பெயரையே கல்லுக்கு வைத்துவிட்டார். கல் நம்முடையது, பெயர் கல்கத்தாக்காரருடையது! 1863 மே 30ஆம் தேதி ராபர்ட் புரூஸ் ஃபூட் கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்ததும் பல்லாவரத்தில்தான். நாம் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் என்று சொன்னால் நீங்கள் யாரும் நம்பியதில்லை. கடைசி பெஞ்சு சிரிக்கும்.

முதலில் சின்ன வழி. புதிதாக ஆரம்பிப்பவர்கள் குரோம்பேட்டையிலிருந்து திருநீர்மலைச் சாலையைப் பிடியுங்கள். அரை மணி நேரம்கூட ஆகாது. அடிவாரத்தில் நீர்வண்ணப் பெருமாள், மேலே ரங்கநாதர். மலையைச் சுற்றித் தண்ணீர் நின்றதால் திருமங்கையாழ்வார் ஆறு மாதம் காத்திருந்து தரிசித்தார் என்பது தலபுராணம். ஒரு மலை, அதைச் சுற்றித் தண்ணீர். இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அடுத்தது நன்மங்கலம். அஸ்தினாபுரம், செம்பாக்கம் வழியாக வேளச்சேரி – தாம்பரம் சாலைக்கு வந்து மேடவாக்கம் பக்கம் திரும்பினால் இடது கையில் காப்புக்காடு. சுமார் 320 ஹெக்டேர். வெளியிலிருந்து பார்த்தால் காய்ந்த புதர்தான். காரை, களா, சூரை, விராலி, நடுவில் ஈச்சம். சித்திரையில் போனால் செத்துப்போன காடு என்றே சொல்வீர்கள். நமக்கு வருடத்தில் சுமார் 1400 மி.மீ. மழை, அதில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டிவிடும். மீதி மாதங்களைத் தாண்டத்தான் இந்தச் செடிகள் இலையைச் சிறிதாக வைத்துக்கொண்டு முள்ளை வளர்க்கின்றன. ஐப்பசி முதல் மழைக்குப் பிறகு ஒரு வாரம் கழித்துப் போய்ப் பாருங்கள், அடையாளம் தெரியாது. கௌதாரி கத்தும் சத்தம் சாலை வரைக்கும் கேட்கும். உள்ளே கைவிட்ட கல்குவாரிப் பாறையில் கொம்பன் ஆந்தை குடியிருக்கிறது. அதைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ கேமராவோடு வருகிறார்கள்.

குவாரி என்று எழுதும்போது ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. இந்த மலைகளை வெட்டித்தான் சென்னைக்கு ஜல்லி போனது. வெட்டிய பள்ளத்தில் தண்ணீர் நின்று கல்குட்டை ஆகிவிடும். மேலே அமைதியாக இருக்கும், ஓரத்தில் கால் வைத்தால் அடுத்த அடியில் தரை இருக்காது. என் வகுப்புப் பையன் ஒருவன் அப்படித்தான் போனான். எந்தக் குட்டை என்றும் அவன் பெயரையும் எழுத மாட்டேன். அவனோடு படித்தவர்களுக்குத் தெரியும். அவன் சைக்கிள் கரையில் ஸ்டாண்டு போட்டபடி நின்றது. அவனுடைய அப்பா அதே மலையில் கல் உடைத்தவர். சைக்கிளை அவர் விற்கவில்லை. ரொம்ப நாள் வீட்டு வாசலில் இருந்தது. பிள்ளைகளை இந்தப் பக்கம் அனுப்புகிறவர்கள், குட்டையில் இறங்கக் கூடாது என்பதை ஒரு தடவைக்கு நாலு தடவை சொல்லி அனுப்புங்கள். நீச்சல் தெரியும் என்று சொன்னாலும்.

இனி நான் உண்மையில் எழுத வந்த விஷயம். இந்த வழிகளில் பத்து வருடமாகப் போய்வருவதில் எனக்குப் புரிந்தது ஒன்றே ஒன்று. மிதிக்காமல் சைக்கிள் தானாக உருளும் இடமெல்லாம் போய் முடிவது ஒரு ஏரியில். காட்டிலிருந்து சரிவு இறங்கும், கொஞ்ச தூரத்தில் கரை தெரியும். சிட்லப்பாக்கத்து உபரி நீர் செம்பாக்கத்துக்கு, அங்கிருந்து நன்மங்கலத்துக்கு, அப்படியே கீழே கீழே இறங்கிப் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்கு. அந்தச் சதுப்புநிலத்துக்கு 2022இல் ராம்சார் அந்தஸ்து கொடுத்தார்கள், நல்ல விஷயம். ஆனால் அதற்குத் தண்ணீர் அனுப்பும் மலைச் சரிவை நம் ஆட்கள் இன்னும் "சும்மா கிடக்கிற பொட்டல்" என்றுதான் சொல்கிறார்கள். புதர் இருந்தால் தண்ணீர் நின்று நிதானமாக இறங்கும். புதரை வழித்துவிட்டால் மண்ணையும் சேர்த்து இழுத்துக்கொண்டு ஒரே மூச்சில் வரும். 2015 டிசம்பர் 1ஆம் தேதி மழையில் ஒரே நாளில் தாம்பரத்தில் 49 செ.மீ. பதிவானது. அப்போது முடிச்சூரில் மாடியில் உட்கார்ந்திருந்தவர்கள் உங்களிலேயே பலர் உண்டு.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மாணவன் போன் பண்ணினான். ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் வேலை, இருபது வருடம் வாடகை வீடு. "சார், நீங்க அந்தப் பக்கம்தானே சைக்கிள்ல போவீங்க. மலை அடிவாரத்துல மனை சொல்றாங்க. வெறும் புதர்தான். விலையும் கம்மி. அட்வான்ஸ் கொடுத்துட்டேன், பாக்கி கொடுக்கலாமா?" வா, மழை நாளில் போய்ப் பார்ப்போம் என்றேன். கார்த்திகையில் ஒரு காலை, நான் சைக்கிளில், அவன் பைக்கில். மனைக்குக் கொஞ்சம் முன்னால் நான் மிதிப்பதை நிறுத்திவிட்டேன். சைக்கிள் தானாகவே உருண்டு போய் அவன் மனைக்கல் பக்கத்தில் நின்றது. மேலே சரிவில் அப்போதுதான் புதரைப் பொக்லைன் வைத்து வழித்திருந்தார்கள். மஞ்சள் கல்லுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் செந்தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவன் ஒன்றும் பேசவில்லை, செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

மனை வேண்டாம் என்று விட்டுவிட்டான். அட்வான்ஸ் 2 லட்சம் திரும்பி வரவில்லை. விற்றவர் பெயரோ ஊரோ எழுதி வம்பை விலைக்கு வாங்கப் போவதில்லை. அவன் மனைவி கல்யாண வீட்டில் பார்த்தால்கூட "வாங்க சார்" என்பதோடு சரி. அந்த அம்மாவின் கோபம் நியாயமானது. இரண்டு லட்சம் என்றால் அவர்களுக்கு எத்தனை வருடம்! இருந்தாலும் அன்றைக்குச் சொன்னதையே இன்றைக்கும் சொல்வேன். மனை பார்க்கப் போகிறவர்கள் புரோக்கர் காரில் ஏறாதீர்கள். ஒரு சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு போங்கள்.

சரி, படத்தில் இருந்த நீண்ட வழி. விடியற்காலை நாலே முக்காலுக்குக் கிளம்ப வேண்டும். ஜி.எஸ்.டி. சாலையில் தாம்பரம், பெருங்களத்தூர், வண்டலூர். இடது பக்கம் கேளம்பாக்கம் சாலையில் திரும்புங்கள். 1985இல் உயிரியல் பூங்கா திறந்தபின் உங்களில் பாதிப் பேரை நான்தான் சுற்றுலா அழைத்துப் போயிருப்பேன். உள்ளே புலியைப் பார்த்தோம், வெளியே இருந்த காட்டை ஒருவரும் பார்க்கவில்லை. கொளப்பாக்கம், கண்டிகை தாண்டினால் மேலக்கோட்டையூர். 1995 தெற்காசிய விளையாட்டுப் போட்டிக்காகச் சைக்கிள் பந்தயத்துக்கென்றே சாய்வாகத் தளம் கட்டிய ஊர் அது. அதைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எனக்கு முதுகு தானாகக் குனிந்துவிடும். மாம்பாக்கம், புதுப்பாக்கம் ஆஞ்சநேயர் மலை, பிறகு கேளம்பாக்கம் உப்பளம். இந்தச் சாலையில் ஆறரை மணிக்கு மேல் கல்லூரி பஸ்களும் டிப்பர் லாரிகளும் வந்துவிடும். அதற்குள் தாண்டிவிடுவது நல்லது.

திருப்போரூரில் இட்லி. கந்தசாமி கோயில் குளத்துப் பக்கம் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு மேற்கே செங்கல்பட்டு சாலை. இங்கேதான் அந்தப் படம். இரண்டு பக்கமும் காடு, வளைவுகள், மயில். ஏற்றத்தில் கியரை முன்கூட்டியே குறைத்துவிடுங்கள், நடுவில் மாற்றினால் செயின் கழன்று கொள்ளும். சீட்டை விட்டு எழுந்து மிதிக்க வேண்டாம், முழங்கால் நமக்கு இன்னும் தேவை. சாலையின் மண் ஓரத்தில் இறங்காதீர்கள், வேலிக்கருவை முள் டயரைப் பார்த்தால் விடாது. பங்குனிக்கு மேல் நுங்கு கிடைக்கும். கடைசி இறக்கம் முடிந்து செங்கல்பட்டு போனால் என்ன இருக்கும் என்று கேட்கவே வேண்டாம், கொளவாய் ஏரி. கால் தெம்பு இருந்தால் அங்கிருந்து திருக்கழுக்குன்றம் போய்வரலாம். சோறு உண்ண வந்த அந்தக் கழுகுகள்தான் இப்போது வருவதில்லை.

ஜி.எஸ்.டி. வழியாகத் திரும்பினால் மொத்தம் நூறு கிலோமீட்டருக்கு முன்பின். நம் பள்ளி மாணவன் ஒருவன் மெட்ராஸ் ராண்டனர்ஸ் குழுவோடு 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்கிறவன். "சார், அது பந்தயம் இல்லை, நேரத்துக்குள் வந்தால் போதும்" என்று என்னையும் கூப்பிடுகிறான். பார்க்கலாம்.

வருகிற மாதம் இரண்டாவது ஞாயிறு போவதாக இருக்கிறோம். ஹெல்மெட்டும் பின்விளக்கும் இல்லாதவர்கள் வர வேண்டாம். இரண்டு பாட்டில் தண்ணீர், ஒரு மாற்று டியூப், பம்ப். பள்ளிப் பிள்ளைகள் என்றால் அப்பாவோ அம்மாவோ கூட வர வேண்டும். முன்னால் நான் போவேன். கடைசியில் வருவது நம் பி.டி. மாஸ்டர். எழுபது தாண்டிவிட்டார், விசில் இன்னும் கழுத்தில்தான் தொங்குகிறது. பின்தங்கலாம் என்று யாரும் கனவு காண வேண்டாம்.